புரொசீஜரல் 3டி டெக்ஸ்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் செய்த 3டி மாடல்களுக்குக் கல், மரம், துரு, மண் போன்ற தோற்றங்களை (டெக்ஸ்சர்) ஒரு படம்கூட இல்லாமல், நோடுகளால், அதாவது ஒன்றோடொன்று இணைக்கும் சின்னச் சின்னக் கணக்குப் பெட்டிகளால் மட்டுமே செய்யப் பழகுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். விடைகள் பெரும்பாலும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளை வைத்தே இருக்கும், நான் தினமும் புழங்குவது அதில்தான். வேறு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு நோடின் பெயர் மாறலாம், யோசிக்கும் முறை மாறாது.

புரொசீஜரல் டெக்ஸ்சர் என்றால் என்ன? படத்தை ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

படத்தை ஒட்டும்போது ஏற்கெனவே எடுத்த ஒரு ஒளிப்படம் இருக்கிறது. மாடலை யூவி அன்ராப் செய்து, அதாவது ஆரஞ்சுத் தோலை உரித்துத் தட்டையாக விரிப்பதுபோல விரித்து, அந்தப் படத்தின்மேல் வைக்கிறோம். புரொசீஜரலில் படமே கிடையாது. ஒரு கணக்கு இருக்கிறது, அவ்வளவுதான். ரெண்டர் ஆகும்போது, அதாவது கணினி இறுதிப் படத்தைக் கணக்கிடும்போது, ஒவ்வொரு புள்ளிக்கும் "இந்த இடத்தில் என்ன நிறம், எவ்வளவு சொரசொரப்பு?" என்ற கேள்வி போகிறது, கணக்கு விடை சொல்கிறது. சேமித்து வைத்த பிக்சல் இல்லாததால் கேமராவை எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் கட்டம் கட்டமாக உடையாது. ஒரே டைல் திரும்பத் திரும்ப வருவதும் கண்ணில் படாது. நிறம் பிடிக்கவில்லையா, ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

எல்லாவற்றுக்கும் இது மருந்து அல்ல. கடைப் பெயர்ப்பலகை, மனித முகம், குறிப்பிட்ட ஒரு சுவரின் குறிப்பிட்ட கறை என்றால் படம்தான் சரி.

அதில் "3டி" எங்கே வருகிறது? டெக்ஸ்சர் எப்போதும் மேற்பரப்பில் தானே இருக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது. கணக்குக்கு நாம் கொடுப்பது இரண்டு எண் என்றால், அது தரையில் விரித்த விரிப்பு மாதிரி. மூன்று எண், அதாவது நீளம் அகலம் உயரம் மூன்றும் கொடுத்தால், முப்பரிமாண வெளியில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறம் கிடைக்கிறது. மேலே மட்டுமல்ல, உள்ளேயும். ஆங்கிலத்தில் இதற்கு சாலிட் டெக்ஸ்சர் என்று பெயர். முழுக் கல்லில் இருந்து ஒரு சிலையை வெட்டி எடுப்பதுபோல, உங்கள் மாடல் அந்தக் கல்லுக்குள் இருந்து வெட்டி எடுக்கப்படுகிறது. அதனால்தான் யூவி தேவைப்படுவதில்லை, தையலும் தெரிவதில்லை.

இந்த யோசனை 1985ஆம் ஆண்டு கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேரிடமிருந்து வந்தது. ஒருவர் கென் பெர்லின், இன்னொருவர் டார்வின் பீச்சி. இருவரும் தனித்தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான்: மெட்டீரியலை, அதாவது பொருளின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நோடுகளின் தொகுப்பை, தோலாக நினைக்காதீர்கள், சதையாக நினையுங்கள். தோலாக நினைத்துச் செய்தால், நோடுகள் நூறு போட்டாலும் வண்ணத்தாள் சுற்றிய பெட்டிபோலத்தான் வரும்.

எல்லோரும் நாய்ஸ், நாய்ஸ் என்கிறார்களே, அது என்ன?

1982இல் வெளிவந்த டிரான் படத்துக்குக் கணினிக் காட்சிகள் செய்த நிறுவனங்களில் ஒன்றில் பெர்லின் வேலை பார்த்தார். அந்தக் காலக் கணினிப் படங்கள் எல்லாம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இயந்திரத்தனமாக இருந்தது அவருக்கு உறுத்தியது. அதிலிருந்து பிறந்ததுதான் பெர்லின் நாய்ஸ். 1997இல் இதற்காக அவருக்கு அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

வேலை செய்யும் விதம் இது. வெளி முழுவதையும் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு முனையிலும் ஏதோ ஒரு திசையில் சாய்வு ஒன்றை வைக்கிறது. நடுவில் உள்ள ஒரு புள்ளியைக் கேட்டால், சுற்றியுள்ள எட்டு முனைகளின் சாய்வையும் பார்த்து இழைத்து ஒரு மதிப்பைத் தருகிறது. இதனால் கிடைப்பது தொலைக்காட்சிப் புள்ளிமழை அல்ல. மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மேடுபள்ளம். ஒரே இடத்தை எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடை.

அப்புறம் அதையே அடுக்க வேண்டும். முதல் அடுக்கு பெரிய மேடு. அடுத்தது பாதி அகலம், பாதி உயரம். அதற்கடுத்தது இன்னும் பாதி. பிளெண்டரின் நாய்ஸ் நோடில் டீடெய்ல் என்பது இந்த அடுக்குகளைக் கூட்டுவது, ரஃப்னஸ் என்பது ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு பலமாக இருக்கும் என்பது, லாகுனாரிட்டி என்பது எத்தனை மடங்கு நுணுக்கமாகிறது என்பது. இந்த மூன்றையும் ஒரு வெறும் உருண்டையில் அரை மணி நேரம் நகர்த்திப் பாருங்கள். எந்த வீடியோவும் அதற்கு ஈடாகாது.

இன்னொரு அடிப்படை நோட் வோரனாய். ஸ்டீவன் வோர்லி 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த முறை. வெளியில் புள்ளிகளைத் தூவி, ஒவ்வோர் இடத்துக்கும் எந்தப் புள்ளி பக்கம் என்று பார்க்கிறது. அதனால் அறை அறையாகப் பிரிகிறது. கல்மணி, செதில், காய்ந்த ஏரிமண்ணின் வெடிப்பு எல்லாம் இதிலிருந்து வரும்.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

காசு செலவழிக்காமல் என்றால் பிளெண்டர். 2002இல் இருந்து கட்டற்ற மென்பொருள், மெட்டீரியல் செய்ய உதவும் அதன் ஷேடர் நோடுகள் பெரும்பாலும் நேரடியாக முப்பரிமாணத்திலேயே கணக்குப் போடுகின்றன. மெட்டீரியல் மேக்கர் இன்னொரு கட்டற்ற கருவி, கோடோ எஞ்சின் மேல் எழுதப்பட்டது, கேம் செய்பவர்களுக்கு மிக வசதி. சப்ஸ்டன்ஸ் டிசைனர் பிரான்சின் அலகோரித்மிக் நிறுவனம் செய்தது, 2019இல் அடோபி வாங்கியது. கேம் ஸ்டுடியோ வேலைக்குப் போக நினைப்பவர்கள் அதைக் கற்றுக்கொள்வது நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் அடிப்படை வேலை தட்டையான, டைல் ஆகிற படங்களில்தான் நடக்கிறது. வெட்டி எடுத்த கல் என்ற உணர்வை முதலில் பிடிக்க பிளெண்டர்தான் நல்ல பள்ளிக்கூடம்.

ஒன்றை முழுதாகச் செய்து காட்ட முடியுமா?

சரி, அம்மி ஒன்றைச் செய்வோம்.

முதல் வேலை கணினியில் அல்ல. எங்கள் வீட்டு அம்மியின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் கிட்டே போய்ப் பார்த்தேன். மணிகள் பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர். கரும்சாம்பல் நிறம் அதிகம், இடையிடையே கொஞ்சம் வெளுத்த மணிகள், ஊசிமுனை போலக் கறுப்புப் பொட்டுகள். ஓரங்களில் உளி கொத்திய குழிகள், ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் இடைவெளியில். நடுவில் குழவி ஓடி ஓடித் தேய்ந்த இடம் மழமழவென்று, சாய்த்துப் பார்த்தால் மங்கலாக ஒளிர்கிறது. இவ்வளவும் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் நோட் போட உட்கார்ந்தேன்.

இடக்கணக்கைத் தரும் டெக்ஸ்சர் கோஆர்டினேட் நோடில் ஆப்ஜெக்ட் என்பதை எடுத்து வோரனாயில் கொடுங்கள். அளவு மீட்டரில் இருந்தால், ஸ்கேல் 1 என்றால் ஓர் அறை ஏறத்தாழ 1 மீட்டர். நமக்கு வேண்டியது 4 மில்லிமீட்டர். 1ஐ 0.004ஆல் வகுத்தால் 250. ஸ்கேலில் 250 போடுங்கள். தொடக்கத்தில் இருக்கும் 5ஐ அப்படியே விட்டால் ஒவ்வொரு மணியும் 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். கற்றுக்கொள்பவர்களின் கிரானைட்டுகள் கால்பந்து அடுக்கியதுபோல இருப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது மணிகளுக்கு நேர்க்கோட்டு ஓரம் தெரியும், கல்லுக்கு அப்படி இருக்காது. வோரனாய்க்குப் போகும் இடக்கணக்கில் ஒரு நாய்ஸின் கலர் வெளியீட்டை மிகச் சிறிய அளவில் கூட்டுங்கள், 0.001 அளவு போதும். ஓரங்கள் நெளியும்.

அடுத்து நிறம். வோரனாயின் கலர் வெளியீடு ஒவ்வொரு மணிக்கும் ஒரு தற்செயல் நிறம் தரும். அதை நேராகக் கலர் ரேம்பில் (0 முதல் 1 வரையான எண்ணை நிறமாக மாற்றும் நோட்) சொருகாதீர்கள். அப்படிச் செய்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்து ஒரே எண்ணாகி, மதிப்புகள் எல்லாம் நடுவில் குவிந்துவிடும். செபரேட் கலர் போட்டு சிவப்பை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அப்போது 0 முதல் 1 வரை சீராகப் பரவும். ரேம்பில் கான்ஸ்டன்ட் தேர்ந்தெடுத்து, 70 விழுக்காடு கரும்சாம்பல், 20 வெளுப்பு, 10 கறுப்பு என்று வைத்தால் கேட்ட விகிதத்திலேயே மணிகள் விழும்.

கொத்திய குழிக்கு இன்னொரு வோரனாய், ஸ்கேல் 100. அதன் டிஸ்டன்ஸ் வெளியீடு, மேடுபள்ளம்போலக் காட்டும் பம்ப் நோடின் ஹைட்டுக்கு. பம்பின் டிஸ்டன்ஸ் 0.001, அதாவது 1 மில்லிமீட்டர்.

கடைசியில் தேய்மானம். ஆப்ஜெக்ட் கோஆர்டினேட்டைப் பிரித்து உயர அச்சை எடுங்கள், மேற்பரப்புக்கு ஒரு மாஸ்க், அதாவது எங்கே மாற்றம் வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளை வரைபடம், கிடைக்கும். அகல நீள அச்சுகளால் அதை நடுப்பகுதிக்கு மட்டும் குறுக்குங்கள். மாஸ்க்கின் ஓரத்தை நாய்ஸால் கலைத்துவிடுங்கள். மாஸ்க் உள்ள இடத்தில் குழியின் பலம் குறையட்டும், மெட்டீரியலின் ரஃப்னஸ் (நாய்ஸ் நோடில் உள்ளது அல்ல, மேற்பரப்பின் சொரசொரப்பு) 0.75இலிருந்து 0.4க்கு இறங்கட்டும். இந்த ஒன்றைச் செய்தவுடன் அதுவரை வெறும் கல்லாக இருந்தது அம்மி ஆகிறது. எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த நொடி அதுதான்.

மரம் எப்படிச் செய்வது? பலகையின் மேல் வரி நன்றாக வருகிறது, முனையில் பார்த்தால் பொய்யாகத் தெரிகிறது.

வரியை வரைந்திருப்பீர்கள், மரத்தைச் செய்திருக்க மாட்டீர்கள். மரம் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் குழாய்கள். வேவ் டெக்ஸ்சரில் ரிங்ஸ் எடுத்து, திசையைப் பலகையின் நீளவாக்குக்கு வையுங்கள். புரொஃபைலில் சா (ரம்பப் பல் வடிவம்) தேர்ந்தெடுங்கள். தேக்கு போன்ற மரங்களில் ஆண்டு வளையத்தின் ஒரு பக்கம் மெல்ல மாறும், இன்னொரு பக்கம் சட்டென்று முடியும். சைன் அலைக்கு அந்தச் சட்டென்ற விளிம்பு கிடையாது.

பிறகு மேப்பிங் நோடால் மையத்தைப் பலகைக்கு வெளியே 10, 15 சென்டிமீட்டர் நகர்த்தி, இரண்டு மூன்று டிகிரி சாய்த்துவிடுங்கள். எந்த மரமும் நேராக வளர்வதில்லை, எந்த வாளும் சரியாக மையத்தில் அறுப்பதில்லை. அந்தச் சாய்வால்தான் பலகை மேல் கூம்பு கூம்பாக வரி விழுகிறது. முனையில் வளைவுகள் தானாக வந்து நிற்கும், நீங்கள் எதுவும் வரைய வேண்டாம்.

கதவில் பல பலகைகள் இருந்தால், ஆப்ஜெக்ட் இன்ஃபோ நோடின் ராண்டம் மதிப்பைப் பெருக்கி இடக்கணக்கில் கூட்டுங்கள். ஒவ்வொரு பலகையும் மரத்தின் வேறு வேறு இடத்திலிருந்து அறுத்ததுபோல் ஆகிவிடும்.

கலர் ரேம்பில் கறுப்பு வெள்ளை வைத்தாலும் நாய்ஸ் சாம்பலாகவே இருக்கிறதே?

நாய்ஸின் மதிப்புகள் 0.5ஐச் சுற்றியே குவியும், 0 அல்லது 1 வரை அரிதாகத்தான் போகும். ரேம்பின் இரண்டு முனைகளையும் 0.4, 0.6 பக்கம் இழுத்து வாருங்கள்.

டெக்ஸ்சர் ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரிகிறது.

இரண்டு காரணங்களில் ஒன்றுதான். ஜெனரேட்டட் கோஆர்டினேட் உங்கள் பொருளைச் சுற்றியுள்ள பெட்டியை எல்லாப் பக்கமும் 0 முதல் 1 என்று எடுத்துக்கொள்ளும். நீளமான தூணில் டெக்ஸ்சரும் நீளும். ஆப்ஜெக்ட் கோஆர்டினேட்டுக்கு மாறுங்கள். மாறிய பிறகும் இழுபட்டால், பொருளை ஸ்கேல் செய்துவிட்டு அப்ளை செய்யாமல் விட்டிருப்பீர்கள். கன்ட்ரோல் ஏ, ஸ்கேல்.

கதாபாத்திரம் நடக்கும்போது டெக்ஸ்சர் உடம்பின் மேல் நீந்துகிறது!

ஆப்ஜெக்ட் கோஆர்டினேட் என்பது வெளியில் நிற்கும் கல். உடம்பு அந்தக் கல்லுக்குள் நகர்ந்தால் நிறம் மாறத்தான் செய்யும். ஜெனரேட்டட் கோஆர்டினேட் எலும்பு அசைப்பதற்கு முந்தைய வடிவத்தை வைத்தே கணக்கிடுவதால் ஒட்டிக்கொண்டு வரும். இல்லையென்றால் அசைவதற்கு முன்னான இடத்தை ரெஸ்ட் பொசிஷன் அட்ரிபியூட்டாகச் சேமித்து, அட்ரிபியூட் நோடில் அதன் பெயரைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

தூரத்தில் வைத்தால் மினுமினுக்கிறது, அனிமேஷனில் கண்ணைக் கூசுகிறது.

படத்துக்கு மிப்மேப் உண்டு. தூரம் போகப் போகச் சுருக்கிய பிரதியை எஞ்சின் எடுத்துக்கொள்ளும். கணக்குக்கு அந்த வசதி இல்லை. 4 மில்லிமீட்டர் மணி ஒரு பிக்சலைவிடச் சிறிதாகும்போது, ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு மணி மாட்டும். சாம்பிள், அதாவது ஒரு பிக்சலுக்கு எத்தனை முறை கணக்கிடுவது என்பதை, கூட்டினால் அடங்கும், நேரம் செலவாகும். கேமராவிலிருந்து உள்ள தூரத்தை எடுத்து, தூரமாக உள்ளவற்றில் நுணுக்க அடுக்கைச் சராசரி நிறத்துக்குக் கரைத்துவிடுவதே நான் செய்வது. கண்ணும் அப்படித்தான் பார்க்கிறது: பத்தடி தள்ளி நின்றால் அம்மி வெறும் சாம்பல்தான்.

நானே நிரலில் பெர்லின் நாய்ஸ் எழுதினேன். எல்லா இடமும் ஒரே மதிப்பு வருகிறது. எங்கே தவறு?

முழு எண்களை உள்ளே அனுப்புகிறீர்கள். கனசதுரங்களின் முனைகள் முழு எண்களில்தான் இருக்கின்றன, அந்த முனைகளில் பெர்லின் நாய்ஸின் மதிப்பு எப்போதும் 0. இடத்தை 0.05 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிவிட்டு அனுப்புங்கள்.

பழைய பாடங்களில் மஸ்கிரேவ் நோட் வருகிறது. என் பிளெண்டரில் இல்லையே?

2024இல் வந்த 4.1 பதிப்பில் அதை நாய்ஸ் நோடுக்குள் சேர்த்துவிட்டார்கள். நாய்ஸ் நோடின் டைப் பட்டியலில் மல்டிஃபிராக்டல், ரிட்ஜ்டு எல்லாம் இருக்கின்றன. அதே பட்டியலில் எஃப்பிஎம் எடுத்தால் நார்மலைஸ் குறியை நீக்குங்கள். பாடத்தில் உள்ள டைமென்ஷனை ரஃப்னஸாக மாற்ற வேண்டும்: லாகுனாரிட்டி 2, டைமென்ஷன் 1 என்றால் ரஃப்னஸ் 0.5. டைமென்ஷன் 2 என்றால் 0.25. டீடெய்லில் ஒன்று குறையுங்கள். பழைய கோப்பைத் திறந்தால் பிளெண்டரே மாற்றிக்கொள்ளும்.

கேம் எஞ்சினுக்கு எக்ஸ்போர்ட் செய்தால் மெட்டீரியல் வெறும் வெள்ளையாகப் போகிறது. என்ன செய்வது?

3டி மாடல்களைக் கொண்டுபோகும் ஜிஎல்டிஎஃப் போன்ற கோப்புகள் பிளெண்டரின் நோடுகளைச் சுமந்து போகா, படங்களைத்தான் சுமக்கும். அதனால் பேக் செய்ய வேண்டும்: கணக்கை ஒரு முறை ஓட்டி விடையைப் படமாக எழுதி வைப்பது. இந்த இடத்தில் மட்டும் யூவி வேண்டும். ரெண்டர் எஞ்சினை சைக்கிள்ஸ் ஆக்குங்கள், மெட்டீரியலில் ஒரு இமேஜ் டெக்ஸ்சர் நோடைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்த நிலையில் விடுங்கள். டிஃப்யூஸ் பேக்கில் டைரக்ட், இன்டைரக்ட் இரண்டையும் அணைத்துவிட்டு கலரை மட்டும் வைத்திருங்கள். உலோகத்துக்கு டிஃப்யூஸ் கறுப்பாக வரும், அதற்கு நிறத்தை எமிஷனில் இணைத்து எமிட் பேக் செய்யலாம்.

என்னை ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைத்த தவறு ஒன்று உண்டு. ரஃப்னஸ் படத்தை நான்-கலர் என்று குறிக்காமல் சாதாரண நிறப் படமாக விட்டிருந்தேன். கல்லெல்லாம் எண்ணெய் தடவியதுபோல மின்னியது. வெளிச்சத்தைக் குறைத்தேன், மெஷ்ஷைத் திருத்தினேன், எல்லாம் வீண். நிறம் அல்லாத எந்தப் படமும், ரஃப்னஸோ நார்மலோ ஹைட்டோ, நான்-கலராகத்தான் இருக்க வேண்டும்.

மேற்பரப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நிறமாக எழுதிய நார்மல் மேப்பில் இன்னொரு கண்ணி. பிளெண்டர், யூனிட்டி, கோடோ மூன்றும் ஓப்பன்ஜிஎல் முறை. அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறை. அங்கே கொண்டுபோகும்போது பச்சை சேனலைத் தலைகீழாக்காவிட்டால் குழி மேடாகத் தெரியும்.

யூவி, பேக் என்று அலையாமல் முப்பரிமாண டெக்ஸ்சரை அப்படியே சேமிக்க முடியாதா?

முடியும், இடம்தான் பிரச்சினை. 4கே படம் ஒன்று, பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுருக்காமல் 64 எம்பி. பக்கத்துக்கு 512 வீதம் ஒரு கனசதுரம் 512 எம்பி. அதையே 1024 ஆக்கினால் 4 ஜிபி. அம்மியின் 4 மில்லிமீட்டர் மணியை மணிக்கு நாலு புள்ளி என்று எழுதினால், 1024இல் ஒரு மீட்டர்தான் அடங்கும். கணக்காகவே வைத்திருந்தால் அது சில வரி நிரல். ஜெர்மனியில் 2004இல் செய்யப்பட்ட கேகிரீகர் என்ற துப்பாக்கி விளையாட்டு மொத்தமும் 96 கேபிக்குள் அடங்கியது. டெக்ஸ்சர்களையெல்லாம் தொடங்கும்போது கணக்குப் போட்டே உருவாக்கிக்கொள்ளும்.

கணிதம் நன்றாகத் தெரிய வேண்டுமா?

கூட்டல், பெருக்கல், 0 முதல் 1 வரையான எண்ணை 1இலிருந்து கழித்தால் தலைகீழாகும் என்பது, சைன் அலை எப்படி ஏறி இறங்கும் என்பது. இவை போதும், மீதியை வேலையே கற்றுத்தரும். பளிங்கின் நரம்புகூட ஒரு சைன் அலைக்குள் நாய்ஸைக் கூட்டிக் கலைப்பதுதான். ஸ்கேலும் கையுமாகப் பொருளைப் பார்க்கும் பழக்கம் இல்லாவிட்டால்தான் கஷ்டம்.

செய்து முடித்த டெக்ஸ்சர் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

வெட்டிப் பாருங்கள். மாடலின் குறுக்கே ஒரு பெட்டியை வைத்து பூலியன் மாடிஃபையரில் டிஃபரன்ஸ் கொடுங்கள். வெட்டுமுகத்தில் அதே மெட்டீரியல் இருக்கட்டும். பெட்டியை மெல்ல நகர்த்துங்கள். மேற்பரப்பில் தெரிந்த வெளுத்த மணி விளிம்பைத் தாண்டி வெட்டுமுகத்துக்குள் இறங்க வேண்டும், பலகையின் வரி திரும்பி முனையில் வளையமாக வேண்டும். குழவி தேய்த்த மழமழப்பு மட்டும் உள்ளே வரக் கூடாது. வந்தால் தேய்மான மாஸ்க் உயரத்தில் அளவு மீறி இறங்கியிருக்கிறது, 2 மில்லிமீட்டரோடு அதை நிறுத்துங்கள்.